ஆரஞ்சுப் படிகம் வேண்டாம்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையில் துணிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கும், சாய வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், அங்கே வந்து கற்றுக்கொள்கிறவர்களுக்கும்,



உங்கள் அலமாரியில் ஆரஞ்சு நிறப் படிகம் உள்ள பாட்டில் ஒன்று இருக்கலாம். பொட்டாசியம் டைகுரோமேட் என்று அதன்மேல் எழுதியிருக்கும். கடைக்காரர் சிலர் சுருக்கமாக ‘குரோம்’ என்பார்கள். அதை இனித் தொடாதீர்கள், வாங்காதீர்கள், கற்பிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். நான் கோவளத்தில் வசிப்பவள். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். துணியின் மேல் எனக்குள்ள ஆசை உங்களுடையதற்குக் குறைந்ததில்லை.

அண்மையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் நடந்த இயற்கைச் சாய வகுப்புக்குப் போயிருந்தேன். கடுக்காய்ப் பொடி, மாதுளைத் தோல், மஞ்சிட்டி, அவுரிக் கட்டி எல்லாம் தட்டுகளில் அழகாகப் பரப்பியிருந்தன. பக்கத்திலேயே சாயம் துணியில் பிடிக்கப் போடும் உப்புகள் வரிசையாக நின்றன. அவற்றை ‘மார்டன்ட்’ என்று நாம் சொல்கிறோம். படிகாரம், அன்னபேதி, மயில்துத்தம், வெள்ளீய உப்பு, கடைசியில் அந்த ஆரஞ்சுப் படிகம். எல்லாமே இயற்கை என்று வகுப்பு எடுத்தவர் சொன்னார். உதவிக்கு வந்திருந்த ஒரு பெண், குழம்புக் கரண்டியில் அந்தப் படிகத்தை அள்ளி, கரண்டியில் ஒட்டியதை விரலால் வழித்துப் பாத்திரத்தில் போட்டார். அவருடைய விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. எதனால் வெடித்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆனால் வெடித்த விரல் அந்த உப்பைத் தொடவே கூடாது. வகுப்பு முடிந்ததும் பாத்திரத்து நீர் தென்னை மரத்தடி மணலில் கொட்டப்பட்டது. கிணறு அங்கிருந்து பத்தடிகூட இல்லை.

அந்தப் படிகத்தில் இருப்பது ஆறிணைதிற நிலையில் உள்ள குரோமியம். குரோமியத்தின் எல்லா வடிவமும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூவிணைதிறக் குரோமியம் அவ்வளவாக உடலுக்குள் புகாது. ஆறிணைதிறக் குரோமியம் செல்லின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகிறது. உள்ளே போனபின் வேதிமாற்றம் அடைகிறது, அந்த மாற்றத்தின் போக்கிலேயே மரபுப்பொருளைச் சிதைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. தூளாகவோ ஆவித்துளியாகவோ தொடர்ந்து மூச்சில் இழுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததைப் பல நாட்டுத் தொழிற்சாலைகளில் பார்த்த பிறகே அங்கே வைத்தார்கள். அதற்கு வெகு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, குரோமேட் தொழிலாளிகளின் மூக்குத் தண்டில் ஓட்டை விழுவதும், கையில் குழிப்புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிமெண்டைத் தொட்டாலும், தோல் செருப்பு போட்டாலும் அரிக்கும். சிமெண்டிலும் பதனிட்ட தோலிலும் குரோமியம் உண்டு. அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் போவதில்லை.

நாங்கள் கொஞ்சம்தானே போடுகிறோம் என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் கூடாது என்கிறது. டைகுரோமேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் குரோமியம். ஆகவே அந்தப் படிகத்தில் ஒரு கிராம் சுமார் 7,000 லிட்டர் நீரை எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு தேக்கரண்டி ஐந்து கிராமுக்குக் குறையாது. அது 35,000 லிட்டர். பழைய மாமல்லபுரம் சாலையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றை நிரப்பும் நீர். நீங்கள் போட்டதில் ஒரு பகுதி துணியில் ஏறும், மீதி பாத்திரத்திலேயே நிற்கும். அந்த மீதிதான் தென்னை மரத்தடிக்குப் போகிறது.

நம் கரையின் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் எதையும் பிடித்து வைக்காது. மழைநீர் எவ்வளவு வேகமாக இறங்கிக் கிணற்றை நிரப்புகிறதோ, கொட்டிய சாய நீரும் அவ்வளவு வேகமாக இறங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவில் உள்ள மணல் மேட்டில் மிதக்கும் கொஞ்சம் நல்ல தண்ணீரைத்தான் கோவளத்திலும் நெம்மேலியிலும் பட்டிப்புலத்திலும் தலைமுறைகளாகக் குடித்தோம். அதற்குக் கீழே உப்பு நீர். இந்த மெல்லிய அடுக்கைக் கெடுத்துவிட்டால் ஆழமாகத் தோண்டி வேறு நல்ல நீரைத் தேட இங்கே வழியில்லை.

இந்த ஆரஞ்சு உப்பு தமிழ்நாட்டில் செய்துவைத்த வேலையைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. சோடியம் டைகுரோமேட்டும் தோல் பதனிடும் குரோமிய உப்பும் அங்கே தயாராயின. உங்கள் பாட்டிலில் இருப்பதன் உடன்பிறப்புதான் சோடியம் டைகுரோமேட். ஆலை மூடியபோது வளாகத்தில் கிடந்த கழிவு சுமார் 2.27 லட்சம் டன். மூடிய பிறகு ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகும் வரை அந்த மலை அங்கேயே கிடந்தது. மழை பெய்யும் போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடிக்குப் போனது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் அமைப்பு உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டை அதில் இடம்பெற்றது.

ராணிப்பேட்டைக்கு ஆறு பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களைத் தாண்டி, காஞ்சிபுரத்தையும் செங்கல்பட்டையும் கடந்து, அது கடலைச் சேருவது வயலூரில். கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, நம் மாவட்டத்தில், நம் கரையில். பாலாற்றுப் படுகைத் தோல் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. அதே தோல் கழிவைப் பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். உலோகம் அழியாது. எரிக்கலாம், புதைக்கலாம், கரைக்கலாம், வடிவம் மாறும். ஆனால் குரோமியம் குரோமியமாகவே இருக்கும். சாக்கடை நாறும், பிறகு மட்கும். இது நாறாது, மட்காது. அதனாலேயே இதை மறந்துவிடுகிறோம்.

திருப்பூர் வேறு விதம். அங்கே முதன்மைக் குற்றவாளி சாயத்தோடு போடும் உப்புதான். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைச் சேமிக்கும் தொட்டியாகிப்போனது. நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாமல் இழுபட்டு, 2011 ஜனவரி 28-இல் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு ஆவியாக்கும் கலன்களும் சவ்வூடு வடிகட்டிகளும் வந்தன, நீர் மீண்டது. ஆனால் நீரிலிருந்து பிரித்த உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் அடுக்கி நின்றன. சேற்றில் உலோகங்கள் இருக்கின்றன. எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. அந்தப் பட்டறைகளில் பலவும் தொடக்கத்தில் சின்னவைதான். நாங்கள் சின்னவர்கள் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், ஒரு ஆறு போயிற்று. நம் கரையில் பட்டறைகள் குறைவு என்பது உண்மை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஐரோப்பா என்ன செய்தது என்பதையும் பாருங்கள். பொட்டாசியம், சோடியம் டைகுரோமேட்டுகளைத் தனி அனுமதியில்லாமல் பயன்படுத்த 2017 செப்டம்பர் முதல் அங்கே தடை. உடம்பில் படும் துணியிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், ஆர்சனிக், ஈயம் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் உங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பயணியின் ஊரில் உங்கள் ஆரஞ்சுப் பாட்டிலை எவரும் சும்மா திறந்துவிட முடியாது. அவருடைய தோலுக்கு ஒரு சட்டம், அந்தத் துணிக்குச் சாயம் போட்ட நம் பெண்ணின் கைக்கு ஒன்றுமில்லை என்றால் அது எப்படி நியாயம்?

இங்கே ஒரு பெருமையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அதில்தான் நிற்கிறது. இந்தக் கரைக்கு ஐரோப்பியர் வந்தது துணிக்காக. 1720களில் ஓஸ்டெண்ட் கம்பெனி கோவளத்தில் வணிகக் களம் வைத்தது. டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி எத்தனை முறை துவைத்தாலும் மங்கவில்லை என்பது அவர்களுக்குப் புரியாத மர்மம். அந்த வித்தையை அறிய ஆட்களையே அனுப்பினார்கள். போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் 1734 வாக்கில் புதுச்சேரியில் சாயக்காரர்களின் வேலையைப் படிப்படியாகக் குறித்து, ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போனார். அந்தத் துண்டுகள் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. கூர்தூ என்ற ஏசு சபைத் துறவி 1742-இல் இந்தச் செய்முறையை விரிவாகத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.

அவர்கள் கண்டது என்ன? துணியைச் சாணத்தில் ஊறவைத்து வெளுத்தார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்தார்கள். கருப்புக் கோட்டுக்கு இரும்புத் துண்டைப் புளித்த கஞ்சியிலும் வெல்லத்திலும் ஊறப்போட்ட நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். மீதியிடத்துக் கறையை வெயிலும் சாணமும் கழுவிவிடும். நீலத்துக்கு மெழுகிட்டு அவுரித் தொட்டியில் முக்கினார்கள். சாயவேர் மணற்பாங்கான இந்தக் கரையோரம் தானே முளைக்கும் செடி. இத்தனையிலும் குரோமியம் இல்லை, ஈயம் இல்லை, காட்மியம் இல்லை. உலகம் மயங்கிய சிவப்பு, படிகாரத்திலும் ஒரு வேரிலும் கிடைத்தது. குரோமியம் என்ற தனிமமே 1797-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சாயத் தொட்டிக்கு அது வந்தது அடுத்த நூற்றாண்டில், ஐரோப்பியக் கம்பளி ஆலைகள் வழியாக. ஆகவே டைகுரோமேட்டை மரபு என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்னபேதியும் உலோக உப்புதானே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதில் உள்ளது இரும்பு. மண்ணிலும் நம் ரத்தத்திலும் ஏற்கெனவே உள்ளது. அளவோடு போட்டால் பெரிய கேடில்லை. அதிகம் போட்டால் நூல் இற்றுப்போகும், துணியே காட்டிக்கொடுத்துவிடும். மயில்துத்தம் அப்படியல்ல. அதில் உள்ள செம்பு மனிதனை அவ்வளவு எளிதில் தாக்காது, ஆனால் மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் சிப்பிக் குஞ்சுக்கும் மிகச் சிறு அளவிலேயே நஞ்சு. கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் பூச்சில் செம்பு சேர்ப்பது அதற்காகத்தான். முட்டுக்காட்டுக் கழிக்கு அருகில் இருந்துகொண்டு அதை வாய்க்காலில் ஊற்றலாமா? அந்தக் கழியோரத்தில்தான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுத்தளம் இருக்கிறது. கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்கவைப்பதில் 1997-இல் அந்த நிறுவனம் வெற்றி கண்டது.

கழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நன்னீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் உப்புநீரைத் தொட்டதும் திரண்டு அடியில் படியும். அந்தத் துகள்களோடு ஒட்டிய உலோகமும் கூடவே படியும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் நீர் வெளியே போக வழியின்றி நிற்கும், படிவது இன்னும் கூடும். அந்தச் சேற்றில் வாழும் மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் நீரை வடிகட்டியே உண்பவை. நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு உலோகம் அவற்றின் சதையில் சேரும். அதைப் பொறுக்கிச் சமைப்பவர்கள் யார்? ஓட்டல் விருந்தாளிகள் அல்ல, கழியோரக் குப்பத்துப் பெண்கள். நம் கோவளம் கடற்கரைக்கு 2021-இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சான்றுக்காக நீரில் முதன்மையாகத் தேடுவது மலக்கிருமிகளை. சேற்றில் படிந்த உலோகத்தைப் பற்றி அந்தக் கொடி எதுவும் சொல்லாது.

மெழுகிட்டு முக்கும் பாத்திக் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தச் சாலையில் பாத்திக்குக்குக் கௌரவமான இடம் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை எழுப்பியது பாத்திக் போன்ற கைவினைப் பொருள்கள் விற்ற காசில்தான். உங்கள் சாயங்களில் பல செயற்கை. அதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாஃப்தால் சாயத்தோடு வரும் உப்புகள் சிலவற்றில் துத்தநாகம் உண்டு. மயில்கழுத்துப் பச்சைநீலத்தின் மூலக்கூறுக்குள்ளேயே செம்பு இருக்கிறது. அந்த நிறம் துணியில் முழுதாக ஏறாமல் கணிசமாகத் தொட்டியிலேயே தங்கும் என்பது அதைப் போட்டவர்களுக்குத் தெரியும். மலிவான மஞ்சள், சிவப்பு அச்சுப் பசைகளில் ஈயக் குரோமேட்டோ காட்மியமோ இருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். கருவிலிருக்கும் குழந்தையையும் விடாது, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். பசையடித்த முந்தானையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிற தாய்மார்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து பத்து, இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கும். ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் காட்மியம் வயலுக்குப் போய், அரிசி வழியாக உடம்புக்குள் ஏறி, முதிய பெண்களின் எலும்பு இருமினாலே முறியும் நிலைக்கு வந்தது. 1968-இல்தான் அந்நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அது சாயத்தால் வந்ததல்ல. ஆனால் நீரிலிருந்து உணவுக்கு உலோகம் வரும் பாதை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அணிகிறவர்களுக்குப் பெரிய பயம் வேண்டாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக அலசி வந்த துணியில் மிஞ்சுவது சொற்பம். புதுத் துணியை ஒருமுறை துவைத்துவிட்டு உடுத்துங்கள், பிள்ளை கடிக்கும் துணியில் கவனம் வையுங்கள், அது போதும். ஆபத்து தொட்டியருகே நிற்கிறவருக்கும், தொட்டி நீர் போய்ச் சேரும் இடத்தில் வாழ்கிறவருக்கும்தான்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். டைகுரோமேட்டையும் வெள்ளீய உப்பையும் நிறுத்துங்கள். மயில்துத்தத்தையும் விட முடிந்தால் விடுங்கள். படிகாரம், கடுக்காய், கொஞ்சம் அன்னபேதி போதும். படிகாரத்தையும் கடுக்காயையும் இரும்பு நீரையும் வைத்துக்கொண்டுதான் நம் கரை உலகச் சந்தையை ஆண்டது. பளீரென்ற பொன்மஞ்சளும் பாசிப்பச்சையும் கிடைக்காமல் போகலாம், உண்மைதான். பச்சைக்கு அவுரியின் மேல் மாதுளை மஞ்சளை ஏற்றுங்கள். அது நாளாக நாளாக மங்கும் என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிவது, மேலே தீட்டிய மஞ்சள் காலத்தில் போய்விட்டதால்தான். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அவுரித் தொட்டிக்குத் துத்தநாகத் தூளைப் போடாமல் தகரை விதையும் சுண்ணாம்பும் கொண்டு பழைய முறையில் புளிக்கவைக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கையில் உள்ள பாட்டிலை என்ன செய்வது? தயவுசெய்து கழுவி ஊற்றிவிடாதீர்கள். இறுக மூடி, பெயரும் ‘நஞ்சு’ என்ற சொல்லும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டு, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் களத்துக்கு அனுப்பும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக அலைய வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒப்படைத்தால் செலவும் குறையும். அமிலத்தில் அன்னபேதியைச் சேர்த்தால் ஆறிணைதிறக் குரோமியம் மூவிணைதிறமாகும், பிறகு சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கலாம் என்று வேதியியல் படித்தவர்கள் சொல்வார்கள். அது சரியே. ஆனால் அடியில் படிந்த சேறு அப்போதும் குரோமியம்தான், அதற்கும் போக்கிடம் கும்மிடிப்பூண்டிதான். வீட்டு முற்றத்தில் முயல வேண்டாம்.

வகுப்பு நடத்துகிறவர்களே, உங்கள் பொறுப்பு எல்லாரையும்விடப் பெரிது. உங்களிடம் கற்றவர் ஊருக்குப் போய் அதையே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சமையல் பாத்திரத்தில் சாயம் காய்ச்சாதீர்கள். உதவிக்கு வரும் பெண்களுக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள், அந்தக் காசைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்க வருகிறவர்களே, நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “எதைப் போட்டுச் சாயம் பிடிக்கவைக்கிறீர்கள்?” 1990களில் ஜெர்மனி சில அசோ சாயங்களை மறுத்தது. 1997-இல் இந்தியாவும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. வாங்குகிறவர் கேட்டால் சாயத் தொழில் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஊராட்சிகளும் மகளிர் குழுக்களும் சேர்ந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை ஒரு பட்டறையிலும் டைகுரோமேட் இல்லை என்ற நிலையைக் கொண்டுவந்துவிடலாம். கணக்கு எழுதவும், உப்புகளை அடையாளம் காட்டவும், வாரிய அலுவலகத்துக்கு உங்களோடு வரவும் நான் தயார். முதலில் உங்கள் அலமாரியைத் திறந்து, அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அன்புடன்,
கோவளத்திலிருந்து,
உங்கள் பக்கத்துத் தெரு வேதியியல் டீச்சர்